தெரிந்தே உறை ஊற்றியவர்கள்

முப்பத்தொரு வருடமாக மதுரையில் வக்கீல் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். பெயர் தவமணி. இந்த வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்ட ஒரே வித்தை, கட்சிக்காரரைத் 'தெரியாது' என்று சொல்ல வைப்பது. வண்டியில் என்ன இருந்தது? தெரியாது. பத்திரத்தில் இருப்பது யார் கையெழுத்து? தெரியாது. இந்த ஒரு சொல்லை வைத்து எத்தனையோ பேரை ஜெயிலுக்குப் போகாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. அந்தக் கர்வத்தைத் தயிர் வந்து உடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

நாகஜோதி எங்கள் அலுவலகத்துக்கு வந்தது 2044ஆம் ஆண்டு வைகாசியில். ஜாமீனில் வெளியே வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நாற்பத்தாறு வயது, பால் கூட்டுறவு ஒன்றியம் ஒன்றில் பரிசோதனைக்கூட ஊழியர். வீட்டில் கஞ்சா வைத்திருந்ததாகவும், தெருவில் அறுபத்திரண்டு வீடுகளுக்கு விநியோகித்ததாகவும் வழக்கு. நிரூபித்துவிட்டால் பத்து வருடத்துக்குக் குறையாது. போலீஸ் கைப்பற்றிய பொருள்: எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று, அதில் முக்கால் லிட்டர் தயிர்.

எங்கள் வக்கீல் ரெஜினா பாக்கியம் காகிதங்களை இரண்டு தடவை புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தயிர்ல கஞ்சா கலந்தீங்களா?"

"கலக்கலை மேடம். அந்தத் தயிரே அப்படித்தான்."

"புரியிற மாதிரி சொல்லும்மா" என்றேன் நான்.

"கஞ்சாச் செடியில முக்கியமா ரெண்டு சரக்கு இருக்குண்ணே. ஒண்ணு ஆளை மயக்கும். இன்னொண்ணு வலிப்பை அடக்கும். அடக்குற சரக்கைச் செடி எப்படிச் செய்யுதோ அதே வேலையைத் தயிர்க் கிருமிக்குச் சொல்லிக்குடுத்தாங்க ஆராய்ச்சிக்காரங்க. பாலைக் காய்ச்சி இந்தக் கிருமியால உறை ஊத்தினா, விடியும்போது தயிர்ல மருந்து இருக்கும். மயக்குற சரக்கும் கூட ஒரு துளி வரும். அதை அவங்களால முழுசா நிறுத்த முடியலை."

"ஒரு துளின்னா?"

"ஒரு அண்டா தயிரைக் குடிச்சாலும் கொட்டாவிகூட வராதுண்ணே. ஆனா மெசின் கண்டுபிடிச்சிரும்."

மிச்சத்தையும் அவரே சொன்னார். அவருடைய ஒரே மகள் வெண்பாவுக்கு இப்போது பத்தொன்பது வயது. மூன்று வயதிலிருந்து வலிப்பு. எந்த மாத்திரையும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை வந்த காலமும் உண்டு. பள்ளிக்கூடம் இல்லை, படிக்கட்டு இல்லை, தனியாகக் குளிப்பதுகூட இல்லை. ஆராய்ச்சி நிலையம் தன் தயிரைச் சோதித்துப் பார்க்க எண்பது நோயாளிகளைச் சேர்த்தபோது வெண்பாவும் சேர்ந்தாள். நாகஜோதியின் பரிசோதனைக்கூடத்தில்தான் அந்த உறையை வளர்த்தார்கள். நாற்பது என்பது மாதத்துக்கு ஒன்றாகக் குறைந்தது.

அப்போதுதான் சட்டத்தில் ஒரு வரியைச் சேர்த்தார்கள். எங்கோ யாரோ ஈஸ்ட்டில் போதைச் சரக்குத் தயாரித்துப் பிடிபட்டதற்கு எழுதிய வரி. 'கஞ்சாவின் சாரம், செடியிலிருந்து வந்தாலும் பிற உயிரிலிருந்து வந்தாலும், எந்த அளவிலும், கஞ்சாவே.' ஆராய்ச்சி நின்றது. பன்னிரண்டு பாட்டில் உறையை அழிக்கச் சொல்லி உத்தரவு. அழித்ததாகக் கையெழுத்துப் போட்டவர் நாகஜோதி. பதினொன்றை அழித்தார். பன்னிரண்டாவதிலிருந்து ஒரு கரண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

எனக்கு என் வித்தையைக் காட்ட இடம் கிடைத்தது. "கேஸ் ரொம்பச் சுளுவும்மா. இந்தக் கிருமி நம்ம வீட்டுத் தயிர்ல எப்படி வந்துச்சுன்னே தெரியாதுன்னு சொல்லிருங்க. வேலை பாக்குற இடத்துல கையில ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்னு மேடம் வாதாடுவாங்க. ஆறு மாசத்துல வெளியே வந்துரலாம்."

"அப்ப உறை?"

"அது தொத்துக் கிருமின்னு ஆயிரும். இருக்குறதையெல்லாம் அழிச்சிருவாங்க."

"அது போனா எம்புள்ள போயிரும்ணே." குரல் உயரவே இல்லை. "நான் தெரிஞ்சுதான் வச்சிருந்தேன். அப்படியே எழுதுங்க. அந்த வரிதான் தப்புன்னு எழுதுங்க."

பைத்தியக்கார மனுஷி என்று நினைத்துக்கொண்டேன். ரெஜினா மேடம் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். இலவசமாக ஒரு பெரிய வழக்கை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். இரண்டு வாரத்தில் அந்த வரியை எதிர்த்து உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போட்டோம். கீழ்க்கோர்ட் வழக்குக்கு இடைக்காலத் தடை கிடைத்தது.

மனுவில் கையெழுத்து வாங்க வீட்டுக்குப் போனபோதுதான் வெண்பாவைப் பார்த்தேன். ஒல்லியான பெண். நெற்றியில், மோவாயில், முழங்கையில் எல்லாம் விழுந்த தழும்பு. தயிர் தெருவுக்குள் எப்படிப் போனது என்று அவளிடம்தான் கேட்டேன். நாகஜோதி யாருக்கும் உறை கொடுத்ததில்லை. யார் வந்து கேட்டாலும் 'இன்னைக்குப் பால் திரிஞ்சுபோச்சு' என்று வாய் கூசாமல் பொய் சொல்லித் தப்பித்தவர் அவர்.

"அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க மாமா. பக்கத்து வீட்டு அத்தை கிண்ணத்தோட வந்து நின்னாங்க. ஒரு கரண்டி உறை இருக்குமா பாப்பான்னாங்க." முழங்கைத் தழும்பைத் தடவிக்கொண்டாள். "எங்கிட்ட யாரும் எதுவும் கேட்டதே இல்லை. எல்லாரும் எனக்குக் குடுத்துத்தான் பழக்கம். மொத தடவையா ஒருத்தவங்க எங்கிட்ட வந்து கேட்டாங்க. எடுத்துக் குடுத்துட்டேன்."

நல்ல கெட்டித் தயிர். பக்கத்து வீட்டிலிருந்து எதிர் வீட்டுக்கு, அங்கிருந்து மாடி வீட்டுக்கு என்று மூன்று வாரத்தில் அறுபத்திரண்டு வீடு. உறை கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பும் பழக்கம் அந்தத் தெருவில் கிடையாது. சட்டம் எழுதியவர்களுக்கு இது எங்கே தெரியப்போகிறது!

பக்கத்து வீட்டுக்காரர் சேதுபாண்டி, அரசுப் பேருந்து ஓட்டுநர். இருபத்தேழு வருடத்தில் ஒரு சைக்கிளைக்கூட இடித்ததில்லை. வெற்றிலை பாக்குக்கூடப் போடாதவர். டிப்போவில் வண்டி எடுக்கும் முன்பு ஒவ்வொரு ஓட்டுநரும் ஒரு குச்சியை நாக்கில் வைத்து இயந்திரத்தில் செருக வேண்டும். பச்சை எரிந்தால்தான் சாவி. ஒரு நாள் அவருக்குச் சிவப்பு எரிந்தது. எல்லார் முன்னாலும் சட்டைப் பையில் தேடினார்கள், டிபன் பாக்ஸைத் திறந்தார்கள். அந்த டிபன் பாக்ஸிலிருந்த தயிர்ச் சோற்றின் வழியாகத்தான் போலீஸ் தெருவுக்கு வந்தது.

வந்தவர்கள் வீடு வீடாகப் புகுந்து தயிரைக் கொட்டி, பாத்திரங்களுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். வெளிநாடு போகவிருந்த ஒரு பையனின் விசா போயிற்று. ஒரு நிச்சயதார்த்தம் நின்றது. பயந்துபோன தெரு பாக்கெட் தயிருக்கு மாறியது. வெண்பாவுக்கு அந்த நாலு நாளில் பத்தொன்பது தடவை வலிப்பு வந்தது. ஐந்தாம் நாள் நின்றுவிட்டது.

எப்படி நின்றது? நான் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுச் சமையல் மேடையில் தட்டுப் போட்டு மூடிய ஒரு கிண்ணம் இருந்தது. வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். வக்கீல் அலுவலக ஆட்களுக்குச் சில விஷயங்கள் தெரியக்கூடாது.

அடுத்த மாதங்களில் நாகஜோதி ஊரையே கூட்டிவிட்டார். ஆராய்ச்சியில் இருந்த எண்பது குடும்பங்களையும் தேடிப்போனார். உயிரோடு இருந்த பிள்ளைகள் எழுபத்து நாலு. கலெக்டர் அலுவலகத்தின் முன்னால் நானூறு பெண்கள் ஆளுக்கொரு கிண்ணம் தயிரோடு உட்கார்ந்தார்கள். 'என் தயிரையும் கைது செய்' என்று அட்டை. எல்லாம் சாதாரணப் பாக்கெட் தயிர்தான். ஆனால் எது எதுவென்று பார்த்தால் தெரியாதே! நானூறு மாதிரி எடுத்து, நானூறு அரக்கு முத்திரை வைத்து, நானூறு கைப்பற்றல் மகஜர் எழுதி, வெயிலில் இன்ஸ்பெக்டர் பாவம் திண்டாடிப்போனார். மூன்று மணிக்குப் புளித்த வாசனையில் அலுவலகமே ஜன்னலைச் சாத்திக்கொண்டது.

ஆனால் வழக்கின் கழுத்தில் கத்தி வைத்திருந்தவர் சேதுபாண்டிதான். அவரைத்தான் அரசு முன்னால் நிறுத்தியது. ஒன்றுமறியாத ஓர் ஓட்டுநருக்கு அவருக்கே தெரியாமல் போதைப்பொருள் ஊட்டப்பட்டது. நாளைக்கு அந்தப் பேருந்தில் போகிறவர்கள் கதி என்ன? இந்தக் கேள்விக்கு முன்னால் எழுபத்து நாலு பிள்ளைகளின் வலிப்பு எடுபடவில்லை. போதாக்குறைக்கு டிப்போவில் அவரை மாதாமாதம் கூப்பிட்டுச் சோதித்தார்கள். பச்சை எரிந்தால், 'தடை செய்யப்பட்ட பொருளை அறியாமல் உட்கொண்டேன்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு அன்றைக்கே வண்டி எடுக்கலாம். எட்டு மாதமும் சிவப்புதான் எரிந்தது.

நான் ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிப் பார்த்தேன். மின்விசிறியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சஸ்பெண்டில் இருக்கும் மனிதர் ஏழெட்டுத் தடவை துடைத்திருப்பார் போல, அது கண்ணாடி மாதிரி இருந்தது.

"போலீஸ்ல என்ன சொன்னீங்கண்ணே?"

"அவங்க எழுதுனாங்க. நான் கையெழுத்துப் போடலை."

"போலீஸ் எழுதுற வாக்குமூலத்துல கையெழுத்து வாங்கவே மாட்டாங்க. கோர்ட்டுல என்ன சொல்லப்போறீங்க?"

"கோர்ட்டுல கேட்டா கோர்ட்டுல சொல்றேன்."

"அந்தப் பிள்ளையை நெனச்சுப் பாருங்கண்ணே."

அவர் விசிறி இறக்கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கல்லுளிமங்கன் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே வெளியே வந்தேன். அவரும் நாகஜோதியும் அந்தச் சிவப்பு விளக்கு நாளிலிருந்து முகம் பார்த்துப் பேசுவதில்லை என்று தெருவே சொன்னது.

இறுதி விசாரணை தை மாதம் வந்தது. இப்போதெல்லாம் தமிழிலேயே வாதாடலாம் என்பதால் நாகஜோதியின் ஆட்களுக்கு எல்லாம் புரிந்தது. கூடம் நிறையப் பெண்கள். வெண்பா முதல் வரிசைக்குப் பின்னால் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள்.

அரசு வக்கீல் எட்டுத் தாள்களை விசிறி போல விரித்துக் காட்டினார்.

"எட்டு மாதம், எட்டுப் பரிசோதனை, எட்டும் சிவப்பு. மருந்து என்கிறார்கள், கனம் நீதிபதி அவர்களே. மருந்தென்றால் பத்து நாளில் உடலை விட்டு இறங்கும். எட்டு மாதமாகியும் ஒரு மனிதரின் ரத்தத்தை விட்டு இறங்காததற்கு என்ன பெயர்? இதைத்தான் மனுதாரர் தெரு முழுக்கக் கொடுத்திருக்கிறார். இதைத் தடுக்கத்தான் அந்த வரி."

ரெஜினா மேடம் எங்கள் தரப்பு நிபுணரின் அறிக்கையைத் தேடி எடுத்தார். அதிலும் பத்து நாளில் இறங்கிவிடும் என்றுதான் எழுதியிருந்தது. எட்டுத் தடவை சிவப்பு எரிந்ததற்கு அதில் விளக்கம் கிடையாது. தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

ரிட் மனுவில் வழக்கமாகச் சாட்சிக் கூண்டுக்கு வேலை கிடையாது. ஆனால் நீதிபதி தாள்களைப் பார்த்துவிட்டு, "பாதிக்கப்பட்டவர் என்று நீங்கள் சொல்பவரின் கையெழுத்து இதில் எங்குமே இல்லையே. அவரை நானே கேட்கிறேன்" என்றார். மதியம் இரண்டேகாலுக்குச் சேதுபாண்டி கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி இஸ்திரி.

"உங்களுக்குத் தெரியாமல் இந்தத் தயிரைக் கொடுத்தார்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"மொதல்ல தெரியாதுங்கய்யா. சிவப்பு லைட்டு எரிஞ்சன்னைக்குத் தெரிஞ்சுச்சு."

"அதற்குப் பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டீர்கள். இருந்தும் எட்டு மாதமாக..."

"நிறுத்தலைங்கய்யா. தெரிஞ்சேதான் சாப்புடுறேன். தெனமும்."

 அரசு வக்கீல் எழுந்தார். நீதிபதி கையால் உட்காரச் சொன்னார்.

"நிறுத்தினால் உங்களுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று தெரியுமா?"

"தெரியும்ங்கய்யா. பச்சை எரிஞ்சா ஒரு பாரத்துல கையெழுத்துக் கேப்பாங்க, அறியாமல் உட்கொண்டேன்னு. நான் போட்டா எம்பேரு சுத்தமாயிரும். அந்தம்மா எனக்குத் தெரியாம வெசம் வச்ச மாதிரி ஆயிரும். அந்தக் காகிதத்தைத்தான் வக்கீலய்யா இன்னைக்கு இங்க தூக்கிக் காட்டுவாரு. அதனால டிப்போவுக்குப் போற அன்னைக்கெல்லாம் ஒரு கிண்ணம் சாப்புட்டுத்தான் போனேன்."

"தெரு முழுவதும் அழித்துவிட்டதாக அறிக்கை இருக்கிறதே. உங்களுக்குத் தயிர் ஏது?"

"எல்லா வீட்டுலயும் பூந்தாங்கய்யா. எங்க வீட்டுக்கு மட்டும் வரலை. நான் பாதிக்கப்பட்டவனாம்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. "அதை யாருக்காவது கொடுத்தீர்களா?"

ரெஜினா மேடம் துள்ளி எழுந்தார். எதிர்த்தரப்புச் சாட்சிதான், ஆனாலும் தன் வாயால் தனக்கே பத்து வருடம் வாங்கிக்கொள்ளும் மனிதரைப் பார்த்துக்கொண்டு அவரால் உட்கார முடியவில்லை. "இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லைன்னு சாட்சிக்குச் சொல்லணும்..."

"இருக்கட்டும்மா" என்றார் சேதுபாண்டி. பிறகு நீதிபதியைப் பார்த்தார். "தெனமும் காலையில ஒரு கிண்ணம், பக்கத்து வீட்டுல வெண்பாவுக்கு. மாடிச் சுவத்துல வச்சுட்டு வந்துருவேன். மொத நாலு நாள் குடுக்கலைங்கய்யா. பொழப்பு போச்சேன்னு கோவம். எல்லார் முன்னாடியும் என் பையில கைய விட்டாங்களேன்னு கோவம். எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தச் செங்கச் சுவருதான். அந்தப் புள்ள விழுகுறது எனக்குக் கேக்கும். நாலு நாள் கேட்டுக்கிட்டுக் கெடந்தேன். அஞ்சாவது நாள் என்னால முடியலை."

நீதிபதி எழுதிக்கொண்டே கேட்டார். "நீங்கள் சொன்னது குற்றம் என்று தெரியுமா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

நீதிபதி அரசு வக்கீல் பக்கம் திரும்பினார். "எட்டு மாதமாக இறங்காத விஷத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது. இவரையும் கைது செய்ய வேண்டும் என்று அரசு கேட்கிறதா?"

"அவகாசம் வேண்டும், கனம் நீதிபதி அவர்களே."

"எதற்கு?"

அரசு வக்கீல் நல்ல மனிதர்தான். விரித்த எட்டுத் தாளையும் ஒவ்வொன்றாக அடுக்கினார்.

சேதுபாண்டி கூண்டிலிருந்து இறங்கினார். கோர்ட்டில் நீதிபதி வரும்போதும் போகும்போதும் மட்டும்தான் எழுந்து நிற்பார்கள். அன்றைக்கு நாகஜோதி எழுந்தார். வெண்பா எழுந்தாள். பிறகு அந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் எழுந்தார்கள். நீதிபதியின் சேவகரான டவாலி 'உட்காருங்கள்' என்று சொல்ல வாயெடுத்தார். நீதிபதி தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்ததைப் பார்த்து அவரும் பேசாமல் இருந்துவிட்டார். நானும் எழுந்தேன். முப்பத்தொரு வருடத்தில் ஒரு சாட்சிக்காக நான் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

வெளியே தாழ்வாரத்தில் நாகஜோதியைப் பிடித்துக்கொண்டேன். "யாரு வச்சுட்டுப் போறாங்கன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"பதினெட்டு வருசமா தயிரைச் சோதிக்கிறவ நான். எந்த வீட்டுப் பால்னு தெரியாதாண்ணே?"

"மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கேஸையே மாத்தி நடத்தியிருப்பாங்களே. உங்களுக்குப் பத்து வருசம் விழுந்திருக்கும்மா."

"விழுந்திருந்தா இருந்துட்டு வந்திருப்பேன். அவரு வாயால சொல்ல வேண்டியதை நான் சொன்னா அது காட்டிக்குடுக்கறதுண்ணே."

 முப்பத்தொரு வருடம் நான் ஆட்களைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்களைச் சின்ன ஆட்களாக்கித்தான் காப்பாற்றியிருக்கிறேன் என்று அந்தத் தாழ்வாரத்தில் நின்றபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

தீர்ப்பு ஆறு வாரத்தில் வந்தது. 'எந்த அளவிலும்' என்ற சொற்கள் செல்லாது. நோய்க்காக உறையை வளர்ப்பதும் வைத்திருப்பதும் பகிர்வதும் குற்றமாகாது. நாகஜோதியின் வழக்கு ரத்து. ஆராய்ச்சியை மூன்று மாதத்துக்குள் மறுபடி தொடங்க வேண்டும். ஆராய்ச்சி நிலையத்தில் உறை ஒரு துளிகூட மிச்சமில்லை. சேதுபாண்டி வீட்டுப் பாத்திரத்திலிருந்துதான், கோர்ட் ஊழியர் முன்னிலையில், முத்திரை வைத்து எடுத்துப்போனார்கள்.

டிப்போவிலிருந்து அவருக்கு மரியாதையாகக் கடிதம் வந்தது. உடனே வேலைக்குச் சேரலாம். நடைமுறைக்காக அந்தப் பழைய படிவத்தில் ஒரே ஒரு கையெழுத்து. அவர் படிவத்தை வாசித்துப் பார்த்துவிட்டு, 'அறியாமல்' என்று போட்டிருக்கிறது, நான் போடமாட்டேன் என்று திருப்பி அனுப்பினார். வேறு படிவம் கிடையாது என்றார்கள். சரி, வரும்போது வருகிறேன் என்றார். சம்பளம் இல்லாமல் இன்னும் நாலு மாதம் வீட்டில் உட்கார்ந்தார். மனு எழுத நான்தான் போய் வந்தேன், ஒன்பது மனு.

ஆவணியில் புதுப் படிவம் அச்சாகி வந்தது. அதில் இரண்டு கட்டம். ஒன்றில் 'அறியாமல்', மற்றதில் 'அறிந்தே, மருந்தாக'. பயிற்சிக்குச் சேரும் புது ஊழியர்களும் அதை நிரப்ப வேண்டும் என்பதால் டிப்போவில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். நான் நகல் வாங்கப் போனபோது அதைப் பார்த்தேன். இரண்டாவது கட்டத்தில் முதல் கையெழுத்து சேதுபாண்டி, ஓட்டுநர். அதற்கு அடுத்த வரியில், கொஞ்சம் கோணலாக, வெண்பா, பேருந்து நிலைய அறிவிப்பாளர்.